பெட்டகம் நிறைய மூலிகை சோப்பும் தைலக் குப்பியும்: எதை எதற்கு எடுக்கலாம்?

கோத்தமங்கலம்_மருமகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்காளிகள் கூடி அடுத்த மாதம் முன்னோருக்குப் படைப்பு வைத்திருக்கிறோம். அதற்காகச் செட்டிநாட்டுக் கோத்தமங்கலம் வீட்டைத் திறந்து ஒதுங்க வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாங்கட்டு அறையில் மாமியாரின் தேக்குப் பெட்டகம். சேலை இருக்கும் என்று திறந்தால் பாதிக்கு மேல் சோப்பு. கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது வந்த பெட்டிகள், யார் யாரோ ஊருக்குப் போய்வந்து கொடுத்தவை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சேர்ந்தவை. மெடிமிக்ஸ், சந்திரிகா, மைசூர் சாண்டல், மார்கோ, உறை கிழிந்துபோன பச்சைக் கட்டிகள். அடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் கோடாலித் தைலம், புலி மார்க் தைலம், அமிர்தாஞ்சன், யூகலிப்டஸ் தைலம், அப்புறம் லேபிள் இல்லாத இரண்டு குப்பிகள்.

மாமியார் சென்னையில் இருக்கிறார்கள். போனில் கேட்டேன், "உனக்கு எது ஆகுமோ வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வீடு முழுக்கத் துப்புரவு வேலை காத்துக் கிடக்கிறது. இந்த சோப்பை வைத்தே முடிந்ததைச் செய்துவிடலாமா? ஆத்தங்குடித் தரைக்கு ஆகுமா? பட்டுச் சேலைக்கு? செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பியிருக்கிறது, அதற்கும் சோப்புத் தண்ணீர் போதும் என்கிறார்கள். தைலத்தையோ சளி, மூட்டுவலி, எறும்பு என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கிறான். மாமா இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதனால்தான் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எழுதுகிறேன்.

கானாடுகாத்தான்_ஆச்சி பதில்:

தூக்கிப் போடாதே ஆத்தா. பாதி வேலையை அந்த சோப்பே முடித்துக் கொடுக்கும். நான் ஆண்டு முழுக்க ஊரிலேயே இருக்கிறவள், பெரிய வீட்டைத் துடைத்துத் துடைத்தே பழகிய கை. சோப்பைப் பற்றி நான் சொல்கிறேன். தைலத்தைப் பற்றி நம் மருந்துக்கடைத் தம்பி வந்து சொல்லட்டும், அது அவருக்குத் தெரிந்த துறை.

முதலில் எல்லாவற்றையும் முற்றத்து வெளிச்சத்தில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார். காய்ந்து வெடித்திருந்தால் பரவாயில்லை. ஈரம் போன சோப்பு சீக்கிரம் கரையாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தாலோ, மேலே ஆரஞ்சு நிறத்தில் புள்ளி விழுந்திருந்தாலோ அதில் உள்ள எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதை உடம்புக்குப் போடாதே. தரைக்கும் கால்மிதிக்கும் போகட்டும். நல்ல கட்டிகளைத் தனியே எடுத்து வை, படைப்புக்கு வருகிறவர்கள் குளிக்க ஆகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளவில் எல்லாப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்கிறேன். மூலிகை சோப்பு என்பதால் அது மருந்து ஆகிவிடாது. சந்திரிகா 1940-இல் இரிஞ்ஞாலக்குடாவில் ஒரு வைத்தியர் தொடங்கியது. மெடிமிக்ஸ் 1969-இல் சென்னையில் ஒரு ரயில்வே டாக்டர் தொடங்கியது. இரண்டும் நல்ல சோப்பு, நானும் வாங்குகிறேன். ஆனாலும் மேலில் தேய்த்து அடுத்த நிமிஷம் கழுவிவிடுகிற பொருளில் எந்த மூலிகை எவ்வளவு நேரம் தோலில் தங்கப் போகிறது? அழுக்கை எடுப்பது சோப்புதான். படை, சொறி, கரப்பான் என்று பிள்ளைகளுக்கு வந்தால் மூலிகை சோப்பாகப் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிவிட்டு அப்புறம் டாக்டரிடம் ஓடுகிறார்கள். சோப்பின் காரம் வறண்ட தோலை இன்னும் வறட்டும். அந்தப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. முதலிலேயே தோல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

சரி, வீட்டு வேலைக்கு வருவோம். சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடமெல்லாம் அதற்கு வேலை உண்டு. வாடை அடித்த கட்டிகளைப் பழைய துருவியில் சீவு. 75 கிராம் கட்டி ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் மறுநாள் கூழாகியிருக்கும். இதை ஒரு பழைய டப்பாவில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வை.

தரைதான் உனக்குப் பெரிய வேலை, அதை நிதானமாகச் செய். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்த வழுவழுப்பு அடியில் இருந்த கண்ணாடி கொடுத்தது. அமிலம் பட்டால் சிமெண்டு அரித்துவிடும், போன மினுக்கம் திரும்பாது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட், வினிகர், எலுமிச்சம்பழம் எதையும் அதன் கிட்டே கொண்டு போகாதே. துப்புரவுக்கு ஆள் கூப்பிட்டால் அவர்கள் கையில் என்ன பாட்டில் இருக்கிறது என்று நின்று பார். இரண்டு வருஷத்துக்கு முன்னே எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு முகப்பில், வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார்கள். பூ வேலை இருந்த கல்லெல்லாம் வெளிறி, சொரசொரவென்று ஆகிக் கிடக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

சோப்பு காரம், சிமெண்டும் காரம், அதனால் சோப்பு கல்லை அரிக்காது. ஆனால் அளவாகப் போட வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு கரண்டிக் கூழ், அவ்வளவுதான். துணியை நன்றாகப் பிழிந்து துடை. அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை துடை. இந்த இரண்டாவது துடைப்பை விட்டுவிட்டால் தரையில் வெள்ளையாக ஒரு பூச்சு நிற்கும். உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து படிவது அது. நம் வீடுகளில் மழைத் தண்ணீர் நாலு பக்கக் கூரையிலிருந்தும் முற்றத்தில் வந்து விழுகிறதே, மழை வந்தால் அண்டாவில் பிடித்து வை. மழைத் தண்ணீரில் சோப்பு கொஞ்சமாகப் போட்டாலே நுரைக்கும், படிவும் இருக்காது. தரை காய்ந்த பிறகு துணியில் ரெண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஓட்டினால் நிறம் எடுத்துக் காட்டும். படியிலும் குளியலறை வாசலிலும் மட்டும் எண்ணெய் வேண்டாம், வயசானவர்கள் வழுக்கி விழுந்துவிடுவார்கள்.

முட்டைப் பூச்சுச் சுவருக்கும் இதேதான் கணக்கு. அது சுண்ணாம்பு, அமிலம் ஆகாது. கை பட்டுப் பட்டுக் கறுத்த இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீர்த் துணியால் மெல்ல ஒற்றி எடு, தேய்க்காதே. தேக்குத் தூணுக்கு ஈரத்துணி போதும், தண்ணீர் தேங்கவிடக் கூடாது.

பட்டுக்கு இந்த சோப்பு எதுவும் வேண்டாம். பட்டு நூல் நம் தலைமுடி மாதிரிப் புரதம், காரம் அதைக் கெடுக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, அந்த நுரையில் அலசி நிழலில் போடு. கண்டாங்கி பருத்திச் சேலை, அது சோப்பைத் தாங்கும். முதல் இரண்டு மூன்று தடவை சாயம் போகும், தனியாக நனை.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பதால்தான் சோப்பு. வாடை அடிக்காத கட்டியில் செய்த கூழ் ஒரு டீஸ்பூன் விட்டு அடி, வெள்ளையாகக் கலங்கி வரும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளி. பூச்சி மேல் ஈரமாகப் பட்டால்தான் நன்றாக வேலை செய்யும். முதலில் ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் விட்டுப் பார், இலை கருகவில்லை என்றால் செடி முழுக்கத் தெளிக்கலாம். வாரம் ஒரு தடவை போதும். அந்தச் செடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார். மாவுப்பூச்சியிடம் இனிப்பு நீர் வருவதால் எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது.

எறும்புக்குத் தைலம் செலவழிக்க வேண்டியதே இல்லை. எறும்பு தன் வழியில் ஒரு வாடையைப் போட்டுக்கொண்டு போகும், பின்னால் வருவது அதை மோந்துதான் வரும். சோப்புத் தண்ணீர்த் துணியால் அந்த வழியைத் துடைத்துவிட்டால் வழி அழிந்துபோகும். படைப்புக்குப் பலகாரம் சுட்டு டின்னில் அடுக்குவாய் அல்லவா, அதற்கு முன்னால் அலமாரித் தட்டையும் டின்னின் அடிப்பக்கத்தையும் இப்படித் துடை. மணகோலத்து டின்னைத்தான் அது முதலில் தேடி வரும்.

மழைக்காலத்தில் உப்பிப்போய்த் திறக்காத இழுப்பறை இருக்குமே, அதை வெளியே எடுத்து, ஓடுகிற விளிம்பில் காய்ந்த சோப்புக் கட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு மாட்டு. திருகாணிக்கும் அப்படித்தான், மரையில் சோப்பைத் தடவினால் பழைய தேக்கிலும் இறங்கும். எங்கள் ஆசாரி பையில் எப்போதும் ஒரு துண்டு சோப்பு கிடக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. சோப்புக் கூழில் எலுமிச்சம்பழமோ வினிகரோ கலந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். அமிலம் சேர்ந்தால் சோப்பு பிரிந்து திரிதிரியாக நிற்கும், அழுக்கு எடுக்காது. ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேரவே கூடாது, வருகிற வாயு நெஞ்சை அடைக்கும்.

காரைக்குடி_டு_சிங்கை பதில்:

ஆச்சி சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டு முகப்பு கண்ணுக்குள் வந்துவிட்டது. தைல டின் ஏன் நம் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பதற்கு நான் ஒன்று சொல்கிறேன். புலி மார்க் தைலத்தின் குடும்பக் கடை இருந்தது ரங்கூனில். நம்மவர்கள் கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன அதே ஊர். அந்தச் சீனக் குடும்பம் 1920-களில் சிங்கப்பூருக்கு மாறியது. கோடாலித் தைலம் 1928-இல் சிங்கப்பூரிலேயே தொடங்கியது. ஐயாக்கள் கப்பலில் திரும்பும்போது பர்மாத் தேக்கும் பீங்கான் சாமானும் மட்டும் வரவில்லை, மடியில் இந்தக் குப்பியும் வந்தது. இன்றைக்கும் நான் ஊருக்கு வரும்போது சித்தப்பா முதலில் கேட்பது அதைத்தான். அமிர்தாஞ்சன் நம் பக்கத்துச் சரக்கு, 1893-இல் பம்பாயில் தொடங்கிப் பிறகு சென்னைக்கு வந்தது.

யூகலிப்டஸ் தைலத்துக்கு நல்ல வீட்டு வேலை ஒன்று உண்டு. எனாமல் தட்டு, புது எவர்சில்வர் பாத்திரம் இவற்றில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை போகாமல் அடம்பிடிக்கும். பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் கரைந்து வந்துவிடும். அப்புறம் ஆச்சி சொன்ன சோப்புக் கூழில் கழுவி விடுங்கள். அடுப்புப் பக்கத்தில் மட்டும் செய்ய வேண்டாம், அது பற்றிக்கொள்ளும்.

தேவகோட்டை_மருந்தாளுநர் பதில்:

ஆச்சி கூப்பிட்டுவிட்டார்கள், வந்துவிட்டேன். மருந்துக்கடைக் கவுண்டரில் தினமும் கேட்கிற கேள்வி இது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையும் மாமாவும் இருப்பதால் நேராகச் சொல்கிறேன்.

இந்தத் தைலங்கள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பவை மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், மீத்தைல் சாலிசிலேட். மெந்தால் பட்டால் குளிர்ச்சியாக உணர்கிறோம், மூக்கடைப்பு விட்ட மாதிரி இருக்கும். உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கும், நமக்குச் சுகமாக இருக்கிறது, அவ்வளவே. அந்தச் சுகம் பெரியவர்களுக்குப் போதும், நான் குறை சொல்லவில்லை. தலைவலிக்கு நெற்றிப்பொட்டில், பிடித்துக்கொண்ட தோளில் தடவுங்கள். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையோ இறுக்கமான கட்டோ வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இந்த டின்னில் உள்ள எதுவும் வேண்டாம். மூக்கில், மூக்கின் கீழே, நெஞ்சில், தலையணையில், எங்கும் வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தாலோ கற்பூரமோ வைத்தால் தொண்டை இறுகி மூச்சே தடைப்படலாம். விழுங்கிவிட்டால் இன்னும் மோசம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் ஒரு டீஸ்பூன் அளவிலேயே சின்னப் பிள்ளைக்கு வலிப்பை வரவழைக்கும். மீத்தைல் சாலிசிலேட் நிறைந்த விண்டர்கிரீன் எண்ணெய் சுத்தமாக ஒரு டீஸ்பூன் என்பது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை 20-க்கு மேல் விழுங்கியதற்குச் சமம். நல்ல வாசனையாக, சின்னக் குப்பியாக, கைக்கு அடக்கமாக இருப்பதால்தான் பிள்ளைகள் வாயில் வைக்கின்றன. கடையில் தைலம் வாங்க வருகிற ஒவ்வொரு தாயிடமும் வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை இருக்கிறது என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெட்டகத்தில் பாச்சை உருண்டை போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் பிள்ளை இருக்கிற வீட்டில் நிறுத்துங்கள். மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு என்சைம் குறைவாக இருக்கும், அவர்களுக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

மாமா சாப்பிடுவது வார்ஃபரின் வகை மாத்திரையா என்று சீட்டில் பாருங்கள். அப்படியென்றால் மூட்டுவலித் தைலத்தை நிறையத் தேய்க்கக் கூடாது. மீத்தைல் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டும், ரத்தக் கசிவு வரலாம். வெளியில் தடவுவதுதானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும்.

லேபிள் இல்லாத இரண்டு குப்பிகளை மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். தயாரித்தவர், உரிம எண், சேர்மானம், காலாவதி நாள் இந்த நாலும் இல்லாத மருந்து வீட்டில் இருக்கக் கூடாது. சந்தையில் விற்கிற பெயரில்லாத வலிப் பொடியும் இதில் சேர்த்தி. ஒரு வேளையிலேயே வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயை அடியோடு போக்கும், புற்றுநோயைக் கரைக்கும் என்று நோட்டீஸ் அடித்தால் அது அப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அப்படி விளம்பரம் செய்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கோத்தமங்கலம்_மருமகள்:

ஆச்சிக்கும் அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிஸ்கட் டின்னை உடனே மேல்வீட்டுக்கு ஏற்றிப் பூட்டிவிட்டேன். இழுப்பறை சோப்புத் தேய்த்ததும் விரலால் தள்ளினாலே ஓடுகிறது. முகப்பில் ஒரு மூலையில் மட்டும் துடைத்துப் பார்த்தேன். அந்தக் கல்லில் நீலப் பூ இருந்ததே எனக்கு இதுவரை தெரியாது.

இன்னும் இரண்டு கேள்வி. காலாவதியான தைலத்தையும் லேபிள் இல்லாததையும் எங்கே ஊற்றுவது? மாமா சாப்பிடுவது வார்ஃபரின்தான், சீட்டில் பார்த்துவிட்டேன். முழங்கால் வலிக்கு ராத்திரிதோறும் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். அதற்குப் பதில் என்ன செய்வது?

தேவகோட்டை_மருந்தாளுநர்:

கிணற்றடியிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், நம் ஊரில் எல்லாத் தண்ணீரும் கடைசியில் ஊரணிக்குத்தான் போகிறது. காபிச் சக்கையிலோ மண்ணிலோ ஊற்றிக் கலந்து, மூடி போட்ட பழைய டப்பாவில் அடைத்துக் குப்பையில் சேருங்கள். குப்பை எரிக்கிற இடத்தில் போட வேண்டாம். காலிக் குப்பியைப் பிள்ளை விளையாட எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குத் தைலத்தை நிறுத்திவிட்டு, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையை மட்டும் முழங்காலில் வைக்கலாம், சூடு பொறுக்கிற அளவில். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தர வேண்டாம், வார்ஃபரினோடு அவை ரத்தக் கசிவைக் கூட்டும். ஈறில் ரத்தம், உடம்பில் காரணமில்லாத கன்றல், கறுப்பாக மலம் போவது இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றாலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் பரிசோதனையைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். இத்தனை நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததையும் இப்போது நிறுத்தியதையும் டாக்டரிடம் சேர்த்தே சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் அதைப் பார்த்துத்தான் மாற்றுவார்.